முகத்துவாரத்தில் சொன்ன பொய்

கொருக்குப்பேட்டையிலிருந்து நெட்டுக்குப்பம் என்ன பெரிய தூரம்? இரண்டு ஷேர் ஆட்டோ மாறினால் போயிற்று. ஆனால் நாற்பத்தாறு வயதுவரை அவளில்லாமல் நான் எந்த ஆட்டோவிலும் ஏறியதில்லை. எதிர்வீட்டுக்காரி, சின்ன வயசிலிருந்தே தோழி. கூட்ஸ் வண்டி மறித்து நிற்கும் தண்டவாளத்தைத் தாண்டுவதானாலும் ரேஷன் கடைக்குப் போவதானாலும் முதலில் அவள், பின்னால் நான். என் செல்போன்கூட அவள் பையில்தான் கிடக்கும்.

அந்தத் தை மாதம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இனி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மறுவாரமே, "முகத்துவாரத்தப் பாக்கணும்மே, வா" என்று என்னைக் கிளப்பினாள். ஆறு கடலோடு சேரும் இடம். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நாங்கள் பார்த்ததில்லை.

நெட்டுக்குப்பத்தில் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. டீக்கடை பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வாம்மே. நா இங்கியே குந்திக்கினு கீறேன்."

"தனியாவா? வோணாம். வூட்டுக்குப் போலாம்."

"இன்னா, உன்ன புலி தூக்கினு போய்டுமா? போ. வந்து எனக்குச் சொல்லு. சும்மா 'நல்லாகீது'ன்னு ஒத்த வார்த்த சொன்ன, ஒதைப்பேன்."

போனேன். திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனேன். காயும் வலைகளைத் தாண்டி வளைந்ததும் டீக்கடை மறைந்தது. திரும்பிவிடலாமா என்று நின்றேன். பிறகு கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன. தூரத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், சாம்பல் படிந்த மணல், முந்தானையை இழுக்கும் காற்று. இழுக்கட்டும் என்று விட்டேன். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாம் என் இஷ்டம்.

முகத்துவாரத்தருகே கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பெண் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் பல்லில் கடித்திருந்த ஓலைப் பறிக் கூடைக்குள் போட்டாள். கரையேறிப் பறியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாருகூடம்மா வந்த?"

"தனியாத்தான் வந்தேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்கு யோசிக்கவே இல்லை. "தெகிரியந்தான்" என்று அவள் சிரித்தாள். அந்த ஒரு சொல் உடம்பெல்லாம் வெயிலாகப் பரவியது. அதன் பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன், ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் முட்டிக்கொள்ளும் கோட்டைப் பார்த்துக்கொண்டு, தோழியை ஒருமுறைகூட நினைக்காமல்.

திரும்பியபோது டீக்கடைக்காரர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்கம்மா போய்ட்ட நீ? உன்னத் தேடிக்கினு எந்திரிச்சி ரெண்டு வாட்டி வுழுந்துச்சி இந்தம்மா."

அவள் முழங்கையெல்லாம் மணல். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டட்டும் என்று நின்றேன்.

"மூஞ்சே வேற மாரி கீதே," என்றாள். "சொல்லு."

தண்ணீரின் இரண்டு நிறங்களைச் சொன்னேன். பல்லில் தொங்கிய பறியை நடித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்தப் பெண்ணின் கேள்வியையும் என் பதிலையும் மட்டும் விழுங்கிவிட்டேன்.

மாசி முடிவதற்குள் போய்விட்டாள்.

இப்போது புளியந்தோப்பு, திருவொற்றியூர், எங்கே வேண்டுமானாலும் தனியாகப் போய் வருகிறேன். போவது கஷ்டமில்லை. அவள் மணலில் விழுந்து எழுந்த அதே நேரம் எனக்கு இனித்ததே, அதைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அவளிடமே சொல்லியிருக்கலாம். "அதுக்குத்தாம்மே உன்ன அனுப்சேன், லூசு" என்று சிரித்திருப்பாள்.

சிரித்திருப்பாளா?