திக்காமல் சொல்ல வேண்டிய பதினாறு வரிகள்

முப்பத்தொரு ஆண்டுகள், ஏழு மாடிகள், ஒரே லிஃப்ட். பெரிய மருத்துவமனையின் பின்பக்க லிஃப்டை இயக்கிய அந்த மனிதரை எல்லாரும் 'ஏழுமாடி' என்றே கூப்பிட்டார்கள். ஒரு முக்காலி, ஒரு பித்தளைப் பிடி, சுற்றாத ஒரு மின்விசிறி. அவருடைய உலகம் அவ்வளவுதான்.

அவருக்குத் திக்குவாய். "அண்ணன் வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள லிஃப்ட் மொட்டைமாடி போய்த் திரும்பி வந்துடும்" என்று வார்டு ஊழியர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். வீட்டுச் சொந்தக்காரரிடம், கடையில், மகளின் பள்ளிக்கூடத்தில் பேசியதெல்லாம் மனைவிதான். ஆனால் வீட்டுக்குள் அவர் திக்கி நிற்கும்போது அவள் ஒருநாளும் சொல்லை எடுத்துக் கொடுத்ததில்லை. "மெதுவா சொல்லுங்க, நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேக்கறேன்" என்பாள். பாத்திரம் தீர்ந்த பிறகும் சில நாள் பேச்சு மிச்சமிருக்கும்.

லிஃப்டுக்குள் அவர் ஒரு காரியம் செய்துவந்தது அவளுக்கு மட்டுமே தெரியும். பிணத்தைக் கீழ்த்தளத்துக்கு இறக்கும்போது, ஸ்ட்ரெச்சர் தள்ளிவரும் ஊழியரைப் படி வழியாக இறங்கச் சொல்லிக் கைகாட்டுவார். கதவைச் சாத்திக்கொண்டு, இறந்தவர்களுக்கான பிரார்த்தனையைச் சொல்வார். பதினாறு வரி. உயிரோடு யாரும் கேட்காத இடத்தில் அவர் நாக்கு திக்குவதில்லை. ஏழாம் மாடியிலிருந்து இறங்கினால் சரியாக முடியும். இரண்டாம் மாடி என்றால் நடுவில் லிஃப்டை நிறுத்திக்கொள்வார். உறவென்று யாரும் வராத பிணமானால் இன்னும் நிதானமாகச் சொல்வார்.

மனைவி அதே மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில் நாற்பது நாள் கிடந்தாள். ஒரு மாலை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நீங்கதான் சொல்லணும். என் தம்பி வேணாம். அவன் ரயிலைப் பிடிக்கறவன் மாதிரி ஓட்டுவான்."

"பி... பிரார்த்தனைக் கூடத்துல, அத்தனை பேர் முன்னால... எனக்கு வ... வராதே."

"எவ்வளவு நேரம் ஆனா என்ன? நான் அப்ப எங்க அவசரமாப் போகப்போறேன்?"

சிரித்தாள். அவர் தலையாட்டினார். அதுதான் வாக்கு.

வியாழக்கிழமை மதியம் அவளை அவரே இறக்கினார். லிஃப்டுக்குள் பதினாறு வரியும் பிசிறில்லாமல் வந்தன.

பிரார்த்தனைக் கூடத்தில் வரவில்லை. கூடியிருப்பவர்கள் முன் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். தடங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று முறை தடங்கினால் வேறொருவர் சொல்ல வேண்டும். இது விதி. முதல் தடவை நான்காம் வரியில் நின்றார். அடுத்து இரண்டாம் வரியில். மூன்றாம் தடவை முதல் சொல்லே வாயைவிட்டு வரவில்லை. யாரோ இருமினார்கள்.

கூடத்தின் தலைவர் பொல்லாதவர் இல்லை. மெல்லத்தான் சொன்னார். "போதும்ப்பா. மூணு தடவை ஆச்சு."

ஏழுமாடி நகரவில்லை. மகள் வந்து தோளைத் தொட்டாள். "விட்டுடுங்கப்பா. மாமா சொல்லட்டும். அம்மா நடுவழியில நிக்கக் கூடாது."

பிரார்த்தனை முடியாவிட்டால் போகிற உயிர் நடுவழியில் நின்றுவிடும் என்று அவரும் நம்பினார். அதனால்தான் ஒதுங்கினார். மைத்துனன் நாற்பது நொடியில் முடித்துவிட்டான்.

எல்லாம் ஆனபின் வாசலில் தலைவரைப் பிடித்தார். "லி... லிஃப்டுல சொன்னேங்க. தி... திக்காம சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொ... சொல்றது."

"மனசாரத்தான் சொல்லியிருப்பீங்க, இல்லைங்கல. ஆனா உசிரோட ஒருத்தராவது பக்கத்துல நின்னு கேட்டிருக்கணும். இல்லேன்னா அது சொன்னதா ஆகாதுப்பா."

அவளுக்காவது தம்பி இருந்தான். மற்றவர்களுக்கு? பேருந்து நிலையத்தில் விழுந்து செத்த கிழவர், பெயர் வைக்காத குழந்தைகள், கால்விரலில் எண் மட்டும் கட்டியிருந்த பெண். அவர்களுக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான். ஊழியரைப் படியில் அனுப்பிவிட்டு, தன் கூச்சத்துக்காக அத்தனை பேரையும் நடுவழியில் நிறுத்திவிட்டாரா? நான்கு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தார். நான்காம் மாடியில் மணி அடித்தது. உறவென்று யாரும் வராத ஒரு மூதாட்டி. வழக்கம் தெரிந்த ஊழியர் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்டுப் படிப்பக்கம் திரும்பினார்.

"இ... இரு. நீயும் ஏறு."

"என்னண்ணே, இன்னைக்கு மரியாதை பலமா இருக்கு?" என்று ஊழியர் ஏறிக்கொண்டார்.

கதவு சாத்திக்கொண்டது. பக்கத்தில் உயிரோடு ஓர் ஆள். முதல் சொல்லிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்பத் தொடங்கினார். மூன்றாம் வரியில் நின்றது. கீழ்த்தளம் வந்துவிட்டது. அவர் கதவைத் திறக்கவில்லை.

"அண்ணே, உடம்பு ஏதும் சரியில்லையா? யாரையாவது கூப்பிடட்டுமா?"

"பே... பேசாம கேளு."

ஊழியர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவையும் தடங்கியது. விலகி இடம் கொடுக்க, பிரார்த்தனை தெரிந்த வேறு ஆள் அங்கே இல்லை. நான்காவது தடவை தொடங்கினார். பிறகு ஐந்தாவது.

மேலே மாடிக்கு மாடி மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் பன்னிரண்டாம் வரியில் இருந்தபோது வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள். பதினாறாம் வரியை முடித்த பிறகே அவர் கதவைத் திறந்தார். லிஃப்டைப் பதினெட்டு நிமிடம் நிறுத்திவைத்ததற்கு விளக்கம் கேட்டு மறுநாள் காலை அவர் கைக்கு ஒரு கடிதம் வந்தது.