பந்து எழும்பாத முறம் அளவு இடம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் என் கையெழுத்து மட்டும்தான். வரி கோணலாகப் போகும், முந்தி நடந்தது பிந்தி வரும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து டீமுக்கு அப்போது கேப்டனாக இருந்த பிள்ளை ஒரு நோட்டு வாங்கித் தந்து, "அம்மச்சி, நம்ம செமி ஃபைனல உள்ளது உள்ளபடி எழுதணும், கேட்டியளா" என்று சொல்லிவிட்டுப் போனதால் எழுதுகிறேன்.

கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் உள்ள ஒரு பெண்கள் கல்லூரியில் நான் தூத்துவாருகிறவள், பெருக்கித் துடைக்கிற வேலை. கொல்லயில் என்ற என் ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் போவேன். ஆட்களை முகம் பார்த்துப் பேச எனக்கு எப்போதும் கூச்சம். அதனால் மற்றப் பெண்கள் வேண்டாமென்று ஒதுக்கிய வெளிவேலையை நான் கேட்டு வாங்கினேன். அது கூடைப்பந்து ஆடுகிற சிமெண்ட் தரை. கோர்ட் என்பார்கள். மேலே கூரை கிடையாது. ஓரத்தில் ஒரு பலாமரம், காலையில் போனால் கோர்ட் முழுக்கச் சருகு. நான் தூத்து முடிப்பதற்குள் பிள்ளைகள் பந்தோடு வந்து நிற்பார்கள். வாரியலை வைத்துவிட்டு, அவர்களுடைய பைகளுக்குப் பின்னால் குந்தியிருந்து பார்ப்பேன். பார்த்துப் பார்த்தே ஆட்டம் பிடிபட்டது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, தரையில் தட்டிக்கொண்டேதான் போக வேண்டும். தட்டுவதை நிறுத்தினால் மறுபடி தட்ட முடியாது. யாருக்காவது கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடைக்கு எறிய வேண்டும்.

பலாமரப் பக்கத்துக் கூடையைப் பார்த்து நின்றால் இடது மூலையில் ஓர் இடம் உண்டு. இரண்டு முறத்தைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வாரியல் கட்டையால் குத்தினால் மற்ற இடத்தில் டக்கென்று கேட்கும், அங்கே பொத்தென்று கேட்கும். அடியில் மண் அரித்துப் போயிருக்க வேண்டும். அங்கே பந்து விழுந்தால் முழங்கால் உயரம்கூட எழும்பாது, சோற்று உருண்டை மாதிரி உட்கார்ந்துவிடும். முதலில் கண்டுபிடித்தது நான்தான். கோச்சிடம் சொன்னேன். கோச் ஒரு பெண், பிள்ளைகள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். சரிசெய்யச் சொல்லி டீச்சர் மேலே எழுதிக் கொடுத்தார். ஆளும் வரவில்லை, சிமெண்டும் வரவில்லை. எழுதி எழுதி அலுத்த பிறகு டீச்சருக்கு வேறொரு யோசனை வந்தது.

வெளியூர் டீம் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது இரண்டு பேர் சேர்ந்து வலது பக்கத்தை அடைக்க வேண்டும். இடது பக்கம் ஏமாந்து வழி விட்டது போல விட வேண்டும். அவள் அந்த மூலைக்குப் போய்ப் பந்தைத் தட்டுவாள், பந்து எழும்பாது, நம்ம பிள்ளை அள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். "முறம்!" என்று கேப்டன் கத்தினால் அந்த ஏற்பாடு தொடங்கும். அப்படி இரண்டு மூன்று மேட்சில் ஜெயித்தோம். அது சரியா தப்பா என்று நான் யோசித்ததில்லை. எதிர்க்கட்சிப் பிள்ளை கையை விரித்துக்கொண்டு தரையைப் பார்த்து முழிக்கும்போது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை சிரிக்க முடியவில்லை. எழும்பாத பந்தைப் பிடிக்கக் குனிந்த ஒரு பிள்ளை முழங்கால் முட்டு உராய விழுந்தாள். சிமெண்டில் கிடந்த ரத்தத்தை நான்தான் துடைத்தேன்.

பிறகு செமி ஃபைனல் வந்தது. எங்கள் கல்லூரி அதுவரை ஃபைனல் கண்டதில்லை. கேப்டனுக்கு அது கடைசி வருஷம். இதில் தோற்றால் அவள் ஆட்டம் அன்றோடு முடிந்தது. வந்த டீம் வடக்கேயுள்ள பெரிய கல்லூரி, எல்லாரும் பனைமரம் மாதிரிப் பிள்ளைகள்.

அன்றைக்கு விடியற்காலம் மழை. ரப்பர் வைத்த கட்டையால் தண்ணீரைத் தள்ளி, சாக்கால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். காயும்வரை யாரும் ஏறக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த டீமில் பந்தைத் தட்டிக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பிள்ளை மட்டும் முன்கூட்டியே வந்து கோட்டுக்கு வெளியே நின்றாள். முட்டில் பட்டை கட்டியிருந்தாள்.

"அம்மச்சி, வழுக்குமா?"

"வெயில் வந்தா காஞ்சிரும் மக்கா. அதுவரைக்கும் ஏறாத."

"அய்யோ, அம்மச்சி நம்ம தமிழ்ப் பேச்சாக்கும்! எனக்கு வீடு பனச்சமூடு. அங்க ஹாஸ்டல்ல சொப்பனம்கூட மலையாளத்துலதான் வருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. புது ஆளிடம் நான் சிரிப்பது அபூர்வம். அவள் முட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இது ஆப்பரேஷன் கழிஞ்ச முட்டு. இனி ஒரு தடவை திருகினா, ஆட்டத்த மறந்துடுன்னு டாக்டர் சொல்லியாச்சு. அதான் எங்க போனாலும் முதல்ல தரையப் பத்திக் கேக்குறது. குழி, வெடிப்பு, பந்து எழும்பாத இடம், அப்படி ஏதாவது உண்டா அம்மச்சி?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரவில்லை. அந்த ரத்தம் துடைத்தது ஞாபகம் வந்தது.

"அந்தா, பலாமரத்து மூலை. அங்க மட்டும் பந்தத் தட்டாத மக்கா."

"உள்ளதா?"

"உள்ளதாக்கும்."

அவள் போன பிறகுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. ஈரச் சாக்கைப் பிழியாமலே தரையில் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் ஒரு பக்கத்துக் கூடைக்கு எறிகிறவர்கள் இரண்டாம் பாதியில் மறுபக்கத்துக் கூடைக்கு எறிய வேண்டும். அவர்கள் பலாமரப் பக்கம் வருவது இரண்டாம் பாதியில்தான். அதனால் முதல் பாதியில் முறத்துக்கு வேலையில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பனச்சமூட்டுப் பிள்ளை என்ன ஆட்டம்! பந்து அவள் கையில் கயிறு கட்டி வைத்தது போல இருந்தது. நம்ம கேப்டனும் விடவில்லை, அவர்கள் ஒன்று போட்டால் நாம் ஒன்று. மதில்மேல் ஏறியிருந்த கூட்டம் கத்திய கத்தில் காக்கையெல்லாம் பறந்து போயிற்று. பாதி முடியும்போது நாங்கள் மூன்று புள்ளி பின்னால்.

இடைவேளையில் டீச்சர் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தினார். "சாரமில்லை, மூன்று புள்ளிதானே. இனி பலாமரப் பக்கம். முதல் நிமிஷத்திலிருந்தே முறம்" என்றார். நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ மேட்சில் அந்த வட்டத்துக்குள் நின்றிருக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை.

"டீச்சரே, அவளுக்குத் தெரியும். நான் சொல்லிட்டேன்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். காது இரண்டும் சுட்டது. முட்டுச் சங்கதியை எப்படிச் சொன்னேனோ, சொன்னேன்.

கேப்டனுக்குத்தான் கோபம். "அம்மச்சி எந்தக் கட்சியாக்கும்? நமக்குத் தண்ணியும் தந்துக்கிட்டு, அவியளுக்கு வழியும் சொல்லிக் கொடுக்குதியளா?"

"வழி மட்டுமா? முறத்தயே தூக்கிக் கையில குடுத்தாச்சு" என்றாள் அமரவிளைப் பிள்ளை. டீமிலேயே குள்ளம் அவள்தான், வாய் மட்டும் பெரிசு.

டீச்சர் குனிந்து விரலால் தரையில் கோடு இழுத்துப் பார்த்தார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். வேலை போனால் போகட்டும், இந்தப் பிள்ளைகளின் ஃபைனலை நான் கெடுத்துவிட்டேனே என்பதுதான் தாங்கவில்லை. டீச்சர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"அவள் இனி இடது பக்கம் தட்டமாட்டாள். அப்படியானால் எங்கே வருவாள்?"

"வலது பக்கம்" என்றாள் கேப்டன், கோபம் தீராமலே.

"ஒவ்வொரு தடவையும் வலது பக்கம்தான் வருவாள். அது நமக்குத் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. முறத்தை மறந்துவிடுங்கள். வலது பக்கம் போய் முன்கூட்டியே காத்து நில்லுங்கள்."

ஒரு பாதிக்கு இரண்டு குவார்ட்டர். அந்த மூன்றாம் குவார்ட்டரை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. டீச்சர் சொன்னபடியே நடந்தது. அவள் பந்தோடு வருவாள், இடது மூலையை ஒரு பார்வை பார்ப்பாள், வலது பக்கம் வெட்டுவாள். அங்கே கேப்டன் காலை ஊன்றி நிற்பாள். மோதினால் ஃபவுல், நின்றால் பந்து போயிற்று. இரண்டு தடவை பிடுங்கினார்கள், மூன்றாம் தடவை அமரவிளைப் பிள்ளை இடுக்கில் கையை விட்டுப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள் பாருங்கள், பின்னால் நாலு பனைமரமும் ஓடியது, பிடிக்க முடியவில்லை. நான் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். நான் கத்தியது எனக்கே தெரியாது, பிறகு பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் அவளும் லேசுப்பட்டவளில்லை. கடைசிக் குவார்ட்டரில் இடது மூலைக்கே போனாள். போனவள் பந்தைத் தட்டவில்லை. வெறுங்கையோடு ஓடிப்போய் முறத்துக்குப் பக்கத்தில் நிற்பாள், கூட்டாளி மேலாகப் பந்தை எறிந்து கொடுப்பாள், பிடித்த கையோடு இவள் கூடைக்கு எறிவாள், இல்லாவிட்டால் அடுத்தவளுக்குக் கொடுப்பாள். நம்ம பிள்ளைகளெல்லாம் வலது பக்கம் காத்து நின்றதால் இடது பக்கம் ஆளில்லாமல் கிடந்தது. நாங்கள் ஏழு புள்ளி முன்னால் போயிருந்தோம், அது ஐந்தாகி, மூன்றாகி, ஒன்றாகிவிட்டது.

டீச்சர் டைம் அவுட் கேட்டார். பந்து அவர்கள் கையில், பத்துப் பதினைந்து செகண்ட் பாக்கி. ஒரு கூடை விழுந்தால் நாங்கள் வெளியே.

"அவள் அங்கேதான் வருவாள். வரட்டும், பந்தையும் வாங்கட்டும்" என்றார் டீச்சர். அமரவிளைப் பிள்ளையின் தோளைப் பிடித்தார். "வாங்கினதும் நீ அவள் நெஞ்சோடு ஒட்டி நில். உன்னைத் தாண்டிப் போய்விடுவாள் என்று பயப்படாதே. தாண்ட வேண்டுமானால் தட்ட வேண்டும், அங்கே தட்ட முடியாது. கையை மேலே தூக்கு, அவள்மேல் படக்கூடாது. மற்ற நாலு பேரும் ஆளுக்கு ஒருத்தியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்."

ஒட்டி நின்று மறிக்கும்போது பந்தை வைத்துக்கொண்டு ஐந்து செகண்டுக்குமேல் சும்மா நிற்கக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. அன்றுவரை எனக்கு அது தெரியாது.

அவள் வந்தாள், பந்தும் வந்தது. பின்னால் கோடு, முன்னால் முறம், முகத்துக்கு நேரே குள்ளச்சியின் இரண்டு கை. ரெஃபரி கையை வீசி எண்ணத் தொடங்கினார். ஒன்று. அவள் வலது பக்கம் பார்த்தாள், கேப்டன் அவளுடைய கூட்டாளியை மறைத்து நின்றாள். இரண்டு. பந்தை மேலே தூக்கினாள், எறிய இடமில்லை. மூன்று. தரையைப் பார்த்தாள். அந்தப் பொல்லாத சிமெண்டைத்தான் பார்த்தாள். நான்கு. பந்தைத் தாழ்த்தினாள், தட்டப்போனாள், தட்டவில்லை.

விசில்.

பந்து எங்களுக்கு. மீதி செகண்டைப் பிள்ளைகள் பந்தைக் கட்டிப்பிடித்தே தீர்த்தார்கள். ஒரு புள்ளியில் ஃபைனல்! கேப்டன் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டாள். என் கையில் தரை துடைக்கிற சாக்கு, அவள் சட்டையெல்லாம் அழுக்கு. "அம்மச்சி, நம்ம கட்சிதானே?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம்.

இத்தோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். கூட்டம் கலைந்த பிறகு பனச்சமூட்டுப் பிள்ளை என்னைத் தேடி வந்தாள். முகத்தில் கோபமில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"எனக்குச் சொன்னத அவியளுக்கும் சொல்லியாச்சு, இல்லியா அம்மச்சி?"

"சொன்னேன் மக்கா."

"ரெண்டு பக்கத்துக்கும் அம்மச்சிதான் கோச்சு." சிரித்தாள். பிறகு, "தெரியாம இருந்திருந்தா கடைசில ஒரு தட்டு தட்டியிருப்பேன். பந்து எழும்பலைன்னு குனிஞ்சு விழுந்தும் இருப்பேன். பந்தும் போயிருக்கும், முட்டும் போயிருக்கும். இப்ப பந்து மட்டும் போச்சு. வாறேன் அம்மச்சி" என்றாள்.

அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நொண்டவில்லை. என் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்றுதான் அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தேன். என்னை நம்பிக் கேட்ட அவளைப் பற்றி, அவள் வந்து கேட்கும்வரை நான் நினைக்கவே இல்லை.

அவள் சொன்னதை மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். எங்கள் தரையில் நடந்த அடுத்த மேட்சுக்கு வெளியூர் டீம் வந்து இறங்கியதும் டீச்சர் அவர்களுடைய கேப்டனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், அந்த மூலையைச் சுற்றிச் சாக்பீஸ் கட்டியால் வட்டம் போட்டு, நடுவில் பந்தைத் தட்டிக் காட்டினார். "போச்சு, நம்ம முறமும் போச்சு" என்று அமரவிளைப் பிள்ளை தலையில் கை வைத்தாள். கல்லூரிக்குத் தரை திருத்த ஆள் வரும்வரை ஒவ்வொரு மேட்சுக்கும் அந்த வட்டத்தைப் போட்டது நான்தான்.

எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கு எனக்கு ஓர்மையில்லை. டைம் அவுட்டில் பாக்கி இருந்தது பத்து செகண்டா பதினைந்தா என்பதும், பனச்சமூட்டுப் பிள்ளைக்குக் கட்டியிருந்தது எந்த முட்டு என்பதும் நிச்சயமில்லை. அன்றைய ஸ்கோர் ஷீட் டீச்சரின் அலமாரியில் இருக்கும். அன்று ஆடிய பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், அதோடு ஒத்துப் பார்த்து, நான் தப்பாக எழுதிய இடத்தை அடித்துத் திருத்தித் தர வேண்டும்.