கீழ்வீட்டுக்குப் போன சாவி

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. கார் சாவி அதில்தான் தொங்கும். போன வருடம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அந்த ஆணி காலியானது. சாவி கீழ்வீட்டுக்குப் போய்விட்டது.

கார் என் மாமனாருடையது. கார்புரேட்டர் இருந்த காலத்துச் சின்ன வண்டி. பார்வை மங்கத் தொடங்கியதும் எங்களுக்குக் கொடுத்துவிட்டார். கணவர் ரயிலில் ஆபீஸ் போவதால் வாரநாட்களில் அது என் கையில். செம்பாக்கத்திலிருந்து கேம்ப் ரோடு தாண்டிப் பள்ளி. எல்.கே.ஜி. படிக்கும் என் மகளோடு, அதே வகுப்பில் இருக்கும் கீழ்வீட்டுக் குழந்தையையும் ஏற்றிக்கொள்வேன். கல்யாணத்துக்கு முன்பே லைசன்ஸ் வாங்கியும் தைரியம் வந்தது அந்த வருடம்தான். அதனால் அந்த இருபது நிமிடம் எனக்குப் பெரிய விஷயம்.

இரண்டாவது வாரம் வண்டி சிக்னலில் நிற்க ஆரம்பித்தது. கரும்புகை, பெட்ரோல் நாற்றம், பின்னால் ஹாரன். ஒரு நாள் கேம்ப் ரோட்டில் பச்சை விழுந்து மறுபடி சிவப்பு விழும்வரை சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னாமா, இங்கயே குடித்தனம் வெச்சிட்டியா?" என்றார். மகள் அழுதாள். 

அன்று மாலை கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். என் வயதுதான். அவளுடைய அப்பா மேற்குத் தாம்பரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். "நாளைக்கு நான் ஓட்டிப் பாக்குறேங்கா," என்றாள். ஓட்டினாள். வண்டி நிற்கவில்லை. அடுத்த நாளும் நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் நான் ஓட்டினேன். கேம்ப் ரோடு வருவதற்கு முன்பே, ராஜகீழ்ப்பாக்கத்திலேயே நின்றது.

"உனக்கு பயம், அதான். கார்புரேட்டர் பாக்குற வரைக்கும் அவங்களே ஓட்டட்டும்," என்றார் கணவர். சாவியை அவரே கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. குழந்தைகளின் பாதுகாப்புதானே முக்கியம்? ஆனால் காலையில் பால்கனியில் நின்று, என் மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தக் காரில் ஏறுவதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "அம்மா, ஆன்ட்டி ஓட்டுனா வண்டி நிக்கவே நிக்காது," என்றாள். நான்கு வயதுக் குழந்தையிடம் கோபப்பட முடியுமா? அன்று அவளுக்குப் பாலில் சர்க்கரை போட மறந்தேன். மறந்தேனா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கம் ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். கீழ்வீட்டுக்காரி காட்டிய இடம். அவளுடைய அப்பாவுக்குத் தெரிந்தவர். அவளும் வந்தாள். மெக்கானிக் அவளைத் தங்கச்சி என்றார், என்னை மேடம் என்றார். எனக்கு ஸ்டூல் போட்டுத் தூசி தட்டினார். அவளிடம் ஸ்பேனரை நீட்டினார்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிச் செய்தித்தாள்மேல் வைத்தார்கள். நடுவே ஒரு மெல்லிய கம்பி; ஆக்சிலேட்டரை மிதித்தால் திரும்புவது அதுதானாம். அவள் அதை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தாள். "ஷாஃப்ட் லொடலொடன்னு கீது பாருண்ணா."

"தேஞ்சு பூட்ச்சு தங்கச்சி. புது கார்புரேட்டர்லாம் இனிமே எங்க கெடைக்கும்? புதுப்பேட்டைல பழசு தேடலாம், அதுவும் தேஞ்சதாத்தான் இருக்கும். இதுக்கே புஷ் அடிச்சுத் தரேன்." பிறகு பிளக்கைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு. இது தேஞ்சா காத்துதான் ஜாஸ்தி உள்ள வரும், பிளக் வெளுக்கணும். இது அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கெடக்கு. ஒரே பேஜாரா கீதே."

"எப்டிங்க இதெல்லாம் தெரியும் உங்களுக்கு?" என்று என் கணவர் கேட்டது மெக்கானிக்கை இல்லை, அவளை. அவள் கிரீஸ் விரலைத் துணியில் துடைத்தபடி சிரித்தாள். நான் எம்.எஸ்ஸி. படித்தவள். வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எப்படித் தெரியும் என்று இதுவரை என்னிடம் அவர் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை தேய்ந்த இடத்தில் புஷ் என்ற வளையம் போட்டு, கழுவி, புது கேஸ்கெட் வைத்து வண்டி வந்தது. சாவி ஆணிக்குத் திரும்பியது. புதன்கிழமை நான் ஓட்டினேன். கேம்ப் ரோட்டில் நின்றது. அதே புகை.

கணவருக்கு எரிச்சல். "அவங்க சொன்னாங்களேன்னு நம்பிப் போனேன். அந்தாளு ஒழுங்கா பண்ணல. நாளைக்கு நைட் போன் போட்டு நல்லாக் கேக்குறேன். அவங்களுக்கும் ஒண்ணும் பெருசா தெரியாதுபோல." சொல்ல வெட்கமாக இருக்கிறது: வண்டி நடுரோட்டில் நின்றதன் வருத்தம் அந்தக் கடைசி வாக்கியத்தில் காணாமல் போனது. அன்று சப்பாத்திக்கு அவருக்குப் பிடித்த குருமா வைத்தேன்.

வியாழக்கிழமை காலை, வண்டி சரியாகும்வரை அவளே ஓட்டட்டும் என்று அவர் சொன்னபடி சாவியைக் கீழே கொடுக்கப் போனேன். அவள் வாங்கவில்லை. "நீங்களே ஓட்டுங்கக்கா. நான் பக்கத்துல உக்காந்து வரேன். எங்க நிக்குதுன்னு பாத்துரலாம்."

எனக்குப் பரீட்சை எழுதுவதுபோல இருந்தது. ஒவ்வொன்றாகச் செய்தேன். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக் குமிழை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்தேன். மாமனார் சொல்லிக்கொடுத்தபடி மறக்காமல் குமிழை முழுக்க உள்ளே தள்ளினேன். குழந்தைகள் பின்னால் ஏறினார்கள். சாப்பாட்டுப் பையை வழக்கம்போல மாட்டிவிட்டுக் கிளம்பினேன். சீட்டில் வைத்தால் பிரேக் போடும்போது உருண்டு சாம்பார் கொட்டிவிடும்; முதல் வாரம் அப்படித்தான் கொட்டியது. அதற்காக நானே கண்டுபிடித்த இடம்.

ராஜகீழ்ப்பாக்கம் வரை அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. என் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் கீழ்ப்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். எஞ்சின் திணற ஆரம்பித்தது.

"அக்கா, ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினேன். அவள் குனிந்து, சோக் குமிழில் தொங்கிய சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குமிழ் இரண்டு விரல் அளவு வெளியே வந்திருந்தது. இரண்டு டப்பா, இரண்டு தண்ணீர் பாட்டில் கனம், மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி அதை இழுத்திருக்கிறது. சூடான எஞ்சினுக்கு நான் தினமும் தேவைக்கு மேல் பெட்ரோல் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஓட்டிய நாட்களில் பை பின்சீட்டுக்குக் கீழே இருந்தது.

குமிழை உள்ளே தள்ளினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஷாஃப்டும் தேஞ்சுதாங்கா இருந்திச்சு. அது வேற. இத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க வீட்டு அண்ணாகிட்டயும்."

திட்டியிருந்தால் தேவலை. கேலி செய்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் கோபமாக இருந்திருப்பேன்.

கேம்ப் ரோட்டில் வண்டி நிற்கவில்லை. அன்று முழுவதும் யோசித்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் எனக்குச் சாதகம். வண்டி தானாகச் சரியானது, சாவி என்னிடம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் கணவர் மனதில் அப்படியே. திட்டு வாங்கப்போவது ஒழுங்காக வேலை செய்த மெக்கானிக். அவளும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கணவர் மெக்கானிக்கின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

"போன் பண்ணாதீங்க," என்றேன். பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். சொன்னேன்.

சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, "நீயா கண்டுபிடிச்ச?" என்றார்.

"இல்ல. அவங்கதான்."

"நெனச்சேன்."

அந்த ஒரு சொல்லுக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். இருந்தும் சுருக்கென்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ நாளைக்கு சாவி..." என்று இழுத்தார்.

"ஆணியில இருக்கு. அங்கயே இருக்கட்டும்," என்றேன்.

மறுநாள் நானும் இரண்டு குழந்தைகளும்தான். கீழ்வீட்டுக்காரி கேட்டருகே நின்று கையசைத்தாள். பை எங்கே என்று குனிந்து பார்க்கவில்லை. பை பின்சீட்டுக்குக் கீழே பத்திரமாக இருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியது. கேம்ப் ரோட்டில் சிவப்பு விழுந்தது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று கண்ணாடியில் மகளைப் பார்த்தேன்.

"அம்மா, சிக்னல்ல ஆன்ட்டி பாட்டு பாடுவாங்க. நீ ஏன் பாடல?"

எனக்கு இத்தனை நாளும் ரோட்டில் கண் வைக்கவே நேரம் போதவில்லை. தெரிந்த குழந்தைப் பாட்டு ஒன்றைத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டு வரிகூட முடியவில்லை.

"ஐயே, அது இல்லம்மா," என்றாள். "ஆன்ட்டி பாட்டு."

பச்சை விழுந்தது. முதல் கியர் போட்டேன்.

"அந்தப் பாட்டு எப்டிடா செல்லம்? நீ பாடு, அம்மா கேட்டுக்கறேன்."