முதுகுக்குப் பின்னால் ஒரு கை

என் பைக்கில் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் வெகுகாலம் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. வாங்கிய புதிதிலேயே கழற்றிவிட்டேன். கண்ணாடி வைத்த பைக் என்றால் வயசாளி வண்டி என்று அப்போது எங்களுக்குள் ஒரு நினைப்பு. நானே வயசாளியான பிறகு திரும்ப மாட்டியிருக்கலாம். அதற்குள் ஓட்டைகளில் துரு அடைத்துக்கொண்டது. "பின்னால வாரவன எப்படிப் பாப்பீய?" என்று என் மனைவி கேட்டாள். "அதான் பின்னால நீ இருக்கியே, பாத்துச் சொல்லு" என்றேன். சொல்லத்தான் செய்தாள். ஆனால் எல்லாவற்றையும் சொல்லவில்லை என்பது, அவள் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

வீடு சங்கரன்கோவிலில். இரண்டு பேருக்கும் வேலை சிவகிரியில். அவளுக்குத் தபாலாபீஸ், எனக்கு வங்கி. கரிவலம் தாண்டியதும் பெரிய ரோட்டை விட்டு ஒற்றைத் தார்ச்சாலையில் இறங்குவோம். அதைப் போட்ட புண்ணியவான்களுக்கு யார் வயலையும் தொட மனம் வரவில்லை போலிருக்கிறது. வரப்பு வளைந்த இடத்திலெல்லாம் சாலையும் வளையும். குளத்தங்கரையில் ஒரு வளைவு உண்டு. எதிரே வருவது பஸ்ஸா, வைக்கோல் வண்டியா என்பது அது நம் மூக்குக்கு நேரே வந்த பிறகே தெரியும். அந்தச் சாலைக்கு என்று எழுதாத சட்டம் ஒன்று: சைக்கிள் பைக்குக்காக மண்ணில் இறங்கும், பைக் பஸ்ஸுக்கு இறங்கும், பஸ் கரும்பு லாரிக்கு இறங்கும். ஆட்டு மந்தைக்கு எல்லோருமே இறங்குவோம்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மட்டும் விலக்கு இருந்தது. குளத்தங்கரை வளைவில் தினமும் எதிர்ப்படும் மினிபஸ், என்னைக் கண்டதும் வேகம் குறைத்து, இடப்பக்கத்து டயர்களை மண்ணில் இறக்கி, பாதித் தாரை எனக்கு விட்டுத் தரும். போகிறபோது ஹாரனை ஒருமுறை சின்னதாகத் தொடும். டிராக்டர்களும் பால் வண்டியும்கூட அப்படித்தான். வீட்டில் எனக்கு இல்லாத மரியாதை அது. வங்கியில் இருந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. எனக்கோ படித்த புத்தி. காரணம் கண்டுபிடிக்காமல் இருக்குமா? நிமிர்ந்து உட்காருகிற தோரணை, இஸ்திரி போட்ட சட்டை, கடைசியாக மீசை என்று ஒவ்வொன்றாக யோசித்து, மூன்றுமே காரணம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

"பாத்தியா, நம்மளக் கண்டா பஸ்ஸே எறங்குது" என்பேன்.

"என்னது?" என்பாள். பைக்கில் எதையும் இரண்டு முறை சொல்லவேண்டும். முதல் முறை சொல்வது காற்றுக்கு. மறுபடியும் கத்துவேன்.

"ஆமா, பெரிய கலெக்டரு. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அவள் போன பிறகு அதே சாலையில் தனியாகப் போனேன். முதல் சில வாரங்கள் மினிபஸ் வழக்கம்போல இறங்கி வழிவிட்டது. டிரைவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்ப்பதுபோல இருந்தது. துக்கம் விசாரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு ஹாரன் நின்றது. பிறகு டயர் இறங்குவதும் நின்றது. ஒருநாள் குளத்தங்கரையில் தாரை முழுசாக அடைத்துக்கொண்டு வந்தது. நான் மண்ணுக்குள் இறங்கி, சறுக்கி, ஒரு வேலிக்கருவையைக் கட்டிப்பிடித்து நின்றேன். முள்ளுக்கு மீசை தெரியாது என்பதை அன்று அறிந்தேன்.

வண்டியைத் திருப்பினேன். அன்றைக்கு வங்கி எனக்காகக் காத்திருக்கட்டும் என்று, கரிவலத்து டீக்கடையில் போய் அந்த டிரைவரைப் பிடித்தேன். என் வயசுதான் இருக்கும். கையில் டீ.

"என்னவே, ரோட்ட ஒமக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்காவளா?"

அவர் என் சட்டையில் ஒட்டியிருந்த முள்ளைத்தான் முதலில் பார்த்தார். "சார் யாருன்னு தெரியலையே."

"தெரியலையா? இத்தன வருசமா எனக்கு மண்ணுல எறங்கி வழி விட்டீரே?"

"ஒங்களுக்கா?" என்று குழம்பிப்போனார். பிறகு வெளியே நின்ற பைக்கை எட்டிப் பார்த்தார். கண்ணாடியில்லாத அந்த ஓட்டைகளை அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அடடே, இந்த வண்டில பின்னால ஒரு அம்மா இருப்பாவளே? அப்ப ஓட்டுனது நீங்கதானா?"

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"அந்த அம்மாவுக்குல்லா சார் எறக்குவேன். டயர எறக்குனா இப்படி ஒரு கையத் தூக்குவாவ. காலைல ஏறுதவன் எல்லாம் லேட்டுன்னு வைவான், எறங்குதவன் தள்ளி நிறுத்திட்டேன்னு வைவான். நாள் முழுக்க ஓட்டுனா நமக்குன்னு அந்த ஒரு கைதான். நீங்க பேயறஞ்ச மாதிரி நேராப் பாத்துக்கிட்டுப் போவீய."

இப்படி என்று அவர் தூக்கிக் காட்டிய கையைப் பார்த்தேன். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, உள்ளங்கை மட்டும் தோள் உயரத்துக்கு எழும்பி, ஒரு கணம் நின்று, இறங்கியது. அவளேதான். தபாலாபீஸ் கவுன்டரில் வரிசையில் நிற்பவர்களுக்கு அவள் காட்டுகிற கை அது: பார்த்துவிட்டேன், இருங்கள், வருகிறேன். வீட்டில் நான் எதையாவது நீட்டி முழக்க ஆரம்பித்தால் எனக்கும் அதே கைதான். அங்கே அதற்கு, புரிந்தது, போதும் என்று அர்த்தம். டீக்கடையில், டீ கிளாஸ் பிடித்த ஒரு டிரைவரின் இன்னொரு கையில் அதை மறுபடியும் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

"அம்மாவ இப்ப காணுமே. மாத்தலாயிட்டாவளா?"

வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லவேண்டிய எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தேன். ஆதார் அட்டையோடு போய் ஒவ்வொரு ஆபீஸ் ஜன்னலிலும் சொன்னவன். அவள் சாகாமல், வெறும் மாற்றலாகிப் போயிருந்த ஒரே ஒரு இடம் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது. அது இந்த மனிதரின் மனசு.

"ஆமா" என்றேன்.

"தூரமா?"

"கொஞ்சம் தூரந்தான்."

"அப்ப நீங்க மட்டும் தனியாவா கெடக்கீய?" அவர் குரலில் எனக்கென்று முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. "நான் கேட்டேன்னு சொல்லுங்க சார்."

"சொல்லுதேன்."

அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கலெக்டரின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இருந்திருக்கலாம். அல்லது, வழி விட்டவருக்குக் கை தூக்குவது, போய்ச் சொல்லக்கூடிய ஒரு விஷயமாகவே அவளுக்குத் தோன்றியிராது. இரண்டாவதுதான் அவளுக்குப் பொருத்தம். எனக்கு அந்தத் துப்பு இருந்திருந்தால் மீசை வரை போயிருக்கமாட்டேன்.

அந்த வாரமே மெக்கானிக்கிடம் துருவைச் சுரண்டச் சொல்லி இரண்டு கண்ணாடிகளும் மாட்டிக்கொண்டேன். மாட்டியவர், "பின்னாடி நல்லாத் தெரியுதா சார்?" என்று கேட்டார். தெரிகிறது. பின்சீட்டின் ஒரு ஓரம், ஓடிப்போகிற சாலை, பருத்திக் காடு. இது அன்றைக்கே இருந்திருந்தால் நாள்தோறும் ஒரு கை எழும்புவதைப் பார்த்திருப்பேன்.

மறுநாள் குளத்தங்கரை வளைவில் மினிபஸ் வந்தது. நான் கையைத் தூக்கினேன். என் கை அவள் கை அல்ல. போக்குவரத்துக் காவலர் பஸ்ஸை நிறுத்துவதுபோல இருந்திருக்கவேண்டும். இருந்தாலும் டயர் மண்ணில் இறங்கியது. ஹாரன் சின்னதாக ஒலித்தது. கண்ணாடியில் பஸ் தூசியோடு சிறுத்துப் போக, பின்சீட்டு காலியாக அப்படியே இருந்தது.

"டிரைவர் ஒன்னக் கேட்டாரு" என்றேன், பின்னால் திரும்பாமல்.

காற்றில் கேட்டிருக்காது. இன்னொரு முறை சொன்னேன்.