கேட்காமல் வைத்த வத்தக்குழம்பு

மதியம் பன்னிரண்டரைக்குக் கள்ளக்குறிச்சி மங்கள விலாஸுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது தனசேகரனின் குரல்தான். "மூணுல ரெண்டு சாப்பாடு, ஒண்ணுக்குப் பொரியல் வேணாம்! ஏழுல தயிர் சாதம்!" கையில் சீட்டு இல்லை, காதில் பேனா இல்லை. பதினொரு டேபிள், ஒவ்வொன்றிலும் நாலு பேர். யார் என்ன கேட்டார், யாருக்கு இரண்டாவது சோறு போயிற்று, யார் அப்பளத்தை ஒதுக்கினார் என்பதெல்லாம் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நைனார்பாளையத்திலிருந்து வந்து இங்கே சப்ளையராகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரு டேபிளின் சாப்பாடு இன்னொரு டேபிளுக்குப் போனதில்லை.

வாடிக்கைக்காரர்களை அவன் வாய் திறக்கவே விடமாட்டான். தாலுகா ஆபீஸ் சுபாஷ் சார் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே கல்லில் நெய் ரோஸ்ட்டுக்கு மாவு விழுந்திருக்கும். வாடிக்கைக்காரர் ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் அது தனக்கு இழுக்கு என்று தனசேகரன் நினைத்தான்.

அந்த வாடிக்கைக்காரர்களில் முதல் ஆள் கச்சிராயபாளையம் தெய்வசிகாமணி. கரும்பு விவசாயி, எழுபதை நெருங்குகிறவர். திங்கள்கிழமைதோறும் டவுன் பஸ்ஸில் வந்து, பேங்க், உரக்கடை வேலைகளை முடித்துக்கொண்டு, ஒன்றேகாலுக்கு மூன்றாவது டேபிளில் ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவார். அவர் துண்டால் முகத்தைத் துடைப்பதற்குள் இலை விழும். சாம்பார் கிடையாது. சோற்றின் மேல் நேராக வத்தக்குழம்பு, கூட்டு கொஞ்சம் ஜாஸ்தி, பொரியல் கம்மி, கடைசியில் உப்புப் போடாத மோர். "உங்களுக்குன்னே எடுத்து வச்சேங்க" என்று சொல்லி ஊற்றுவான். பதினெட்டு வருடமாக இதில் ஒரு பருக்கை மாறியதில்லை.

அவர் மூன்று திங்கள்கிழமைகளாக வரவில்லை.

முதல் வாரம் ஒன்றேமுக்கால் வரைக்கும் மூன்றாவது டேபிளில் யாரையும் உட்கார விடாமல் முதலாளியிடம் திட்டு வாங்கினான். இரண்டாவது வாரம் உடம்பு சரியில்லையோ என்று பயந்தான். மூன்றாவது வாரம், சாப்பிட வந்த டவுன் பஸ் கண்டக்டர் செழியனிடம் கேட்டேவிட்டான்.

"பெருசுக்கு இன்னா, நல்லாத்தான் கீறாரு. சேலம் ரோட்டுல புதுசா செம்பருத்தின்னு ஏசி ஓட்டல் தொறந்தாங்க இல்ல, அங்கதான் எறங்கறாரு. உங்க பச்சமுத்தாண்ட சிரிச்சி சிரிச்சிப் பேசிக்கினு இருந்தாரு, நானே பாத்தேன்."

பச்சமுத்து! ஒன்பது வருடம் இதே மங்கள விலாஸில், இதே நீலச் சட்டையில் கூட வேலை பார்த்தவன். ஊத்தப்பம் கேட்டவருக்கு உப்புமா கொண்டுவருவான். கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க கேட்டது இதானுங்களே?" என்று கேட்பான். அடுப்படி மொத்தமும் அவனைக் கிண்டலடிக்கும். நாலு மாதத்துக்கு முன் அவன் செம்பருத்திக்குக் கிளம்பியபோது, "அங்கயாவது எழுதி வச்சிக்கடா" என்று எல்லோரும் சிரிக்கச் சொல்லி அனுப்பியவனே தனசேகரன்தான்.

அந்தப் பச்சமுத்துவிடமா போய் உட்கார்ந்திருக்கிறார்? சம்பளம் ஜாஸ்தியா, கோட்டு போட்டிருக்கிறானா என்பதெல்லாம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அவரிடம் அவன் என்ன சொன்னான், அவர் எதற்குச் சிரித்தார் என்பதுதான் குடைந்தது. அன்று மதியம் ஐந்தாவது டேபிளின் ரசம் ஆறாவது டேபிளுக்குப் போயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்தார்.

அடுத்த வாரம் புதன்கிழமை லீவைத் திங்கள்கிழமைக்கு மாற்றிக்கொண்டு, மனைவி மலர்விழியைக் கிளப்பினான்.

"இன்னாங்க அதிசயம்? கல்யாண நாளே ஞாபகம் இல்லாத ஆளு, ஏசி ஓட்டலுக்குக் கூட்டிக்கினு போறீங்க!"

"சும்மா வாடி. ஓட்டல் எப்டி கீதுன்னு பாக்கலாம்."

"ஓட்டலையா, பச்சமுத்தையா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கினான்.

செம்பருத்தியில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடவே ஒரு ஆள் நின்றான். உள்ளே ஏலக்காய் வாசனையும் குளிரும். சத்தமே இல்லை. அடுப்படியை நோக்கி யாரும் கத்தவில்லை. இப்படியும் ஒரு ஓட்டல் நடக்குமா என்று தனசேகரனுக்கு எரிச்சலாக வந்தது. உட்கார்ந்ததுமே குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தான். தண்ணீரை டம்ளர் விளிம்பு வரை ஊற்றியிருந்தார்கள், குற்றம். பக்கத்து டேபிளில் சாப்பிட்டு முடித்த தட்டு அப்படியே கிடந்தது, பெரிய குற்றம்.

"அண்ணே! வாங்கண்ணே, அண்ணி வாங்க!" கறுப்புக் கோட்டில் பச்சமுத்து ஓடிவந்தான். முகத்தில் நிஜமான சந்தோஷம். அது தனசேகரனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. "அண்ணி, உங்களுக்கு இன்னா சொல்லட்டும்?"

"அவளுக்கு மசால் தோசை" என்றான் தனசேகரன். "எனக்கும் அதான்."

பச்சமுத்து கையிலிருந்த சின்ன மெஷினில் தட்டிக்கொண்டு போனான். அவன் போன பக்கம் பார்த்தபோதுதான் ஜன்னலோர சோபாவில் தெய்வசிகாமணி தெரிந்தார். துண்டை சோபா முதுகில் விரித்துப் போட்டு, காலை மடித்து, சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தார். தனசேகரன் மெனு அட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு காதைத் தீட்டினான்.

"ஐயா, இன்னா சாப்புடறீங்க?"

"போன வாரம் இன்னா சாப்ட்டேன்?"

பச்சமுத்து தலையைச் சொறிந்தான். "தெரியலீங்கய்யா. மறந்துட்டேன்."

பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நீ இருக்கியே! செரி, மொதல்லேர்ந்து படி. எழுத்து பொடிப்பொடியா கீது."

பச்சமுத்து படித்தான். ஒவ்வொன்றுக்கும் பெரியவர் நிறுத்தி, அது புளிப்பா, காரமா, அதில் என்ன போடுவார்கள் என்று விசாரித்தார். மங்கள விலாஸில் இந்த நேரத்துக்குள் மூன்று டேபிள் சாப்பிட்டு எழுந்திருக்கும். கடைசியில், "அந்தப் பெரிய பூரி, சென்னா வச்சித் தருவியே, அது" என்றார்.

பூரி! வத்தக்குழம்புக்காரர் பூரி சாப்பிடுகிறார்! தன் கையிலிருந்து எதையோ பிடுங்கி பச்சமுத்துவிடம் கொடுத்துவிட்டதுபோல் தனசேகரனுக்கு இருந்தது. வந்த தோசையைத் தொடவில்லை. பெரியவர் பூரியின் மேல் விரலால் குத்தி, ஆவி வெளியே வருவதைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். காலி டம்ளரை டேபிளின் ஓரத்துக்குத் தள்ளினார்.

அந்த டம்ளர் நகர்ந்த சத்தம் பச்சமுத்துவுக்குக் கேட்கவில்லை. தனசேகரனுக்குக் கேட்டது. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் எழுந்து, ஓரத்து மேஜையிலிருந்த ஜக்கை எடுத்து, முக்கால் டம்ளர் ஊற்றி நின்றான்.

பெரியவர் நிமிர்ந்தார். "தனசேகரா! நீயும் இங்க வந்துட்டியா? எப்பச் சேந்த?"

"சேரலீங்க. சாப்புட வந்தேன்."

"அப்புறம் ஏன்யா ஜக்கைத் தூக்கிக்கினு நிக்கிற?"

சுற்றி நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜக்கை எங்கே வைப்பது என்று தனசேகரனுக்குத் தெரியவில்லை. கேட்க நினைத்திராத கேள்வி வாயில் வந்துவிட்டது. "நான் இன்னாங்க கொறை வச்சேன் உங்களுக்கு?"

"கொறையா? உக்காரு, சொல்றேன்." அவன் உட்காரவில்லை. பெரியவர் கையிலிருந்த பூரியைத் தட்டில் வைத்தார். "மருமவ ஊர்லேர்ந்து வந்தப்ப இங்க இட்டாந்தா. இவன் வந்து, இன்னா வேணும்னு கேட்டான். எனக்கு பதிலே வரல. யாரும் அப்டிக் கேட்டுப் பல வருசம் ஆச்சி. செரி, வத்தக்குழம்பு எனக்குப் புடிக்கும்னு உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதாங்க. மொத நாளு நீங்கதான கேட்டீங்க."

"மொத நாளு சாம்பார் தீந்துபோச்சின்னு நீதான்யா சொன்ன! வத்தக்குழம்புதான் கீதுன்ன. செரி ஊத்துன்னேன்."

தனசேகரனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. எல்லாம் ஞாபகம் இருப்பவனுக்கு அதுவும் இருந்தது. ஒரு முகூர்த்த நாள். ஒன்றரைக்கே சாம்பார் அண்டா காலி.

"அப்புறம் ஏங்க இத்தினி வருசம் சொல்லல?"

"உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்னு சிரிச்சிக்கினே ஊத்துவ. உம் மூஞ்சப் பாத்துட்டு வேணாம்னு எப்டியா சொல்றது?" பெரியவர் மறுபடி பூரியைப் பிய்த்தார். "இவனுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இருக்க மாட்டேங்குது. வாராவாரம் புதுசா வந்தாப்ல கேக்கறான். அது நல்லாத்தான் கீது, போ."

தனசேகரன் ஜக்கை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினான். பச்சமுத்து எதிரே வந்து, "அண்ணே, நான் பாத்துருப்பேனே" என்று தணிந்த குரலில் சொன்னான். அவனை அடிக்கலாம் போல இருந்தது. உப்புமாக்காரன். மறதிக்குப் பரிசு வாங்கியவன்.

டேபிளில் மலர்விழி தன் தோசையைத் தள்ளி வைத்துவிட்டு மெனு அட்டையை விரித்து வைத்திருந்தாள். "பச்சமுத்து தம்பி, இதுல நூடுல்ஸ் எங்க போட்டுக்கீது? நான் ஒருநாளும் சாப்ட்டதில்ல."

"உனக்கு மசால் தோசைதான புடிக்கும்?" என்றான் தனசேகரன்.

அவள் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு சொன்னது?" என்றாள்.

மறுநாள் மங்கள விலாஸில் சுபாஷ் சார் வந்து உட்கார்ந்ததும், தனசேகரன் அடுப்படிப் பக்கம் திரும்பிய தலையை வலுக்கட்டாயமாக இழுத்து, "சார், இன்னா சாப்புடறீங்க?" என்று கேட்டான்.

அவர் முகம் சுருங்கியது. "இன்னா தனசேகரு, என்னையே மறந்துட்டியா?"

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கள்கிழமை, ஒன்றேகாலுக்கு, தெய்வசிகாமணி மூன்றாவது டேபிளில் வந்து உட்கார்ந்தார். ஏன் வந்தார் என்று தனசேகரன் கேட்கவில்லை. அவன் கை தானாக வத்தக்குழம்பு வாளிக்குப் போயிற்று. பாதியில் நிறுத்தி, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவரிடம் நிற்பதுபோல் நின்றான்.

"இன்னா சாப்புடறீங்கய்யா?"

"இன்னா கீது?"

சொன்னான். சாப்பாட்டில் தொடங்கி ரவா தோசை, ஆனியன் ஊத்தப்பம் வரைக்கும் ஒன்று விடாமல், மூச்சு வாங்கச் சொன்னான். பின்னால் ஐந்தாவது டேபிள் ரசத்துக்குக் கூப்பிட்டது. அசையவில்லை. பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பூரி" என்றார்.

அவன் பூரியைச் சொல்லவேயில்லை. மங்கள விலாஸில் பூரி நாலு மணிக்கு மேல்தான். அடுப்படிக்குப் போய்ச் சொன்னதும் மாஸ்டர் கத்தினார். "சாப்பாட்டு நேரத்துல பூரியா? உனக்கு இன்னா, புத்தி கெட்டுப்போச்சா?" தனசேகரன் எண்ணெய்ச் சட்டியைத் தானே தூக்கி அடுப்பில் வைத்தான். மாஸ்டர் முனகிக்கொண்டே மாவு பிசைந்தார்.

இரண்டு பூரி, கிழங்கு மசாலாவோடு இலைக்கு வந்தது. பெரியவர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். தனசேகரன் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா கீது" என்றார். அப்புறம் பூரியைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். "பச்சமுத்து பூரி இத்தவிடப் பெருசு."

தனசேகரன் திரும்பினான். மூன்றே எட்டில் அடுப்படிக்குள் நுழைந்தான். வெளியே பதினொரு டேபிளுக்கும் கேட்டது அவன் குரல்:

"மாஸ்டர், மூணுல இன்னொரு பூரி! இலையவிடப் பெருசா!"