சிவப்பிலேயே சிமிட்டிய சார்ஜர்

எலக்ட்ரிகல் படித்தவள் நான். சைக்கிளில் சின்ன மோட்டார் பொருத்தி, வீட்டு ட்ரில் மெஷினின் பேட்டரியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனையூரிலிருந்து ஒத்தக்கடைக்கு வேலை நேர்காணலுக்குப் போன காலையில், பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துபோனது.

சாலையோரப் புது வீட்டில் ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, ட்ரில்லுல ஏறி எங்க போற?"

அவருடைய ட்ரில்லும் அதே கம்பெனி. விஷயத்தைச் சொன்னதும் அதன் பேட்டரியைக் கழற்றித் தந்தார். "சாயந்தரம் குடு, அம்புட்டுதான்."

மாலையில் திருப்பிக் கொடுத்தேன். சார்ஜரில் போட்டார், சார்ஜ் ஏறாமல் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பேட்டரி ஓரளவு இறங்கியதும் ட்ரில் தானே நின்றுவிடும். என் மோட்டாருக்கு அந்தத் தடுப்பை நான் வைக்கவில்லை. அடிவரை உறிஞ்சிப் பேட்டரியைச் சாகடித்திருந்தது.

"அண்ணே, நான்தான் கெடுத்துட்டேன்."

"அட, அது பழசுதான். போற நேரம், போயிருச்சு."

பேட்டரியில் கடைக்காரர் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் புத்தம் புதிதாக இருந்தது. காலையில் மாட்டியிருந்த ஜன்னல்களுக்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாக மாட்டப்படவில்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

மறுநாள் புது பேட்டரியோடு போனேன். மறுக்காமல் வாங்கி ட்ரில்லில் மாட்டினார். "வேலை கெடச்சிருச்சா?" என்றார்.

"கெடச்சிருச்சுண்ணே."

"அப்பச் சரி" என்று ஏணியில் ஏறிவிட்டார்.

முன்பின் தெரியாத எனக்காக ஒரு நாள் வேலையை ஏன் விட்டார், பழசு என்று ஏன் சொன்னார்? கேட்டிருக்கலாம். என்ன பதில் வந்தாலும் தாங்கியிருக்க மாட்டேன் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.