மாமியாருக்கு ஒரு கட்டம்

மார்சியா வைலாத்தியை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அவள் மேல் இல்லை; அவளை ஆட்டிவைத்த அந்தக் கம்ப்யூட்டர் மேல். மிலானுக்குப் பக்கத்தில் கிரேமாவில், எங்களைப் போன்ற சின்ன லிப்ஸ்டிக் பட்டறைகளைப் பசுமைக்கும் கம்ப்யூட்டருக்கும் மாற்றிவிடுவது அவள் வேலை. பட்டறைக்காரர்கள் சங்கத்துச் சம்பளம், பழைய ஃபியட் கார், பின்சீட்டு முழுக்கச் சாம்பிள் டப்பாக்கள். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய எவரும் டாக்டர்தான் என்பதால், என் புருஷன் ஓஸ்வால்தோ அவளை டாக்டரம்மா என்றே கூப்பிடுவார்.

"பச்சைக்கு மாத்துறேன்னு வர்றீங்களே டாக்டரம்மா, நாங்க ஏற்கெனவே அங்கதானே நிக்கிறோம்!" என்பார். எங்கள் பேச்சில் ஒருவன் பச்சையில் நிற்கிறான் என்றால் சட்டைப்பை காலி என்று பொருள்.

"வாயைக் கொஞ்சம் மூடுங்க ஓஸ்வால்தோ. உங்க பாரீஸ்காரன் கேக்குறான், நானா கேக்குறேன்?" என்பாள் மார்சியா.

அதுவும் சரிதான். எங்கள் சரக்கில் முக்கால்வாசியை வாங்குவது ஒரு பாரீஸ் கம்பெனி. எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வீணானது என்று அவர்களுடைய இணையதளத்தில் பதியாவிட்டால் ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிறகு ஆர்டர் கிடையாது. ஆர்டர் போனால் பட்டறைக்குப் பூட்டுதான்.

வந்த அன்றே மார்சியாவுக்குப் பிடித்துப்போனது எங்கள் மாமியார். உடைந்த, வளைந்த லிப்ஸ்டிக்குகளை நாங்கள் எறிவதில்லை. அடர்நிறம் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் உருக்கி, அடுத்த கருஞ்சிவப்பில் சேர்ப்போம். எதைப் போட்டாலும் முகம் இருண்டே இருப்பதால் அந்த அண்டாவுக்கு மாமியார் என்று பெயர்.

"இதுதாங்க பசுமை! ஒரு துளி வீணாகலையே! எல்லாரும் இப்படிச் செஞ்சா என் வேலையே தேவையில்லை" என்று குதித்தாள்.

அங்கேதான் வந்தது வினை. ஓஸ்வால்தோ அண்டாக்களின் பெயர்களை ஒட்டியிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். "மூலப்பொருள்: மாமியார், உருக்கியது." பாரீஸ்காரர்களுடையது விலங்குப் பொருள் கலக்காத லிப்ஸ்டிக். அவர்களுடைய தளம் அந்த நிமிடமே சிவப்பாகிவிட்டது. அறிவிக்கப்படாத விலங்குப் பொருளாம். ஆர்டர் நிறுத்தமாம்.

"மாமியார் விலங்கு இல்லைன்னு நிரூபிக்கணுமா? என் கேஸ்ல கஷ்டம்" என்று சிரித்தார் மனுஷன். என் அம்மாவைத்தான் சொல்கிறார். முறைத்தேன்.

மார்சியா சிரிக்கவில்லை. போன் போட்டாள், மெஷின் பேசியது. பெயரை 'மறு உருக்கு' என்று மாற்றினாள். விற்றவர் யார் என்று தளம் கேட்டது. விற்றவர் யாருமில்லை, எங்களுடையதுதான் என்று எழுதினாள், ஏற்க மறுத்தது. ஒரு மனிதக் குரல் கிடைப்பதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. அந்தக் குரலும் கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"மறுபடி உருக்குறதுக்குத் தளத்துல கட்டமே இல்லைங்க மேடம். கழிவுன்னு போட்டுடுங்க. எரிக்க அனுப்பினா பசுமை மார்க் உண்டு."

"வீணாகாததை வீணாக்கினா மார்க்கா?" என்று கத்தினாள் மார்சியா.

"நான் என்னங்க பண்ண? கட்டம் அப்படி."

போனை வைத்து என் பக்கம் திரும்பியவளுக்குக் கண் சிவந்திருந்தது. "லொரேதானா, கழிவுன்னு நான் கையெழுத்துப் போடலைன்னா உங்களுக்கு ஆர்டர் இல்லை. போட்டா, நான் எதுக்கு இந்த வேலைக்கு வந்தேன்?"

எங்கள் ஆட்கள் அச்சுகளைத் துடைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போட்டுடும்மா" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

போட்டாள். லாரி வந்து அண்டாவைச் சுரண்டி அள்ளிக்கொண்டு போனது. தளம் பச்சையானது, ஆர்டர் வந்தது, எங்கள் பசுமை மதிப்பெண்ணும் ஏறியது. சே, என்ன பிழைப்பு!

செப்டம்பரில் சங்கத்து விருந்து. இனிப்புப் பூரணம் வைத்த எங்கள் ஊர்த் தோர்தெல்லி பரிமாறினார்கள். தலைவர் எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார். இந்த மதிப்பெண்ணை எடுத்த வழியை மற்றப் பட்டறைகளுக்கும் மார்சியாவே கற்றுக்கொடுப்பாள் என்று அறிவித்தார். கைதட்டல் ஓயவே இல்லை.

"என்னடி சொல்லிக்குடுக்கப் போறே?" என்று அவள் காதருகில் கேட்டேன்.

தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நல்லா இருக்கறதை எடுத்து எரிங்க, மார்க் ஏறும்னுதான்."